டிஷ்வாஷர் சரியாகக் கழுவவில்லையா? எதை முதலில், எதை அடுத்துப் பார்ப்பது: ஒரு முழுமையான வழிகாட்டி

டிஷ்வாஷரிலிருந்து எடுத்த பாத்திரத்தில் பிசுக்கோ வெண்படலமோ இருந்தால், பெரும்பாலோர் முதலில் டிடர்ஜென்ட் டேப்லெட்டின் பிராண்டை மாற்றுகிறார்கள். அதுவும் பலிக்காவிட்டால் மெக்கானிக்கை அழைக்கிறார்கள். இவ்விரண்டும் கடைசியில் வர வேண்டியவை. இயந்திரத்துக்குள் தண்ணீர் குழாய் வழியாக வந்து, மென்மையாக்கப்பட்டு, சூடேறி, டிடர்ஜென்ட்டைக் கரைத்துக்கொண்டு, ஸ்ப்ரே ஆர்ம்கள் எனப்படும் சுழலும் கைகளின் துளைகள் வழியே பீய்ச்சி, ஃபில்டர் வழியாக இறங்கி, மறுபடியும் மேலேறி, இறுதியில் வெளியேறுகிறது. இந்தச் சுற்றில் எந்த இடத்தில் தடை இருக்கிறது என்று பார்ப்பதே முழு வேலையும்.

இங்கே சொல்லப்படுபவை எல்லா ஊருக்கும் பொருந்தும் என்றாலும், பொள்ளாச்சி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை, வாளையாறு என்று தமிழ்நாடு-கேரள எல்லையின் இருபுறமும் உள்ள வீடுகளை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். சில கிலோமீட்டர் இடைவெளியில் தண்ணீரின் குணமே மாறிவிடுவதும், தேங்காயும் தேங்காய் எண்ணெயும் நாள்தோறும் சட்டியில் இருப்பதும் இந்தப் பகுதியின் தனிச் சிக்கல்கள். இயந்திரத்தோடு வரும் கையேட்டில் இவை இருக்காது.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

இயந்திரத்தின் கையேடு, டார்ச், பழைய டூத் பிரஷ், சில பல்குத்திகள், வெள்ளை வினிகர், காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து, எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் விற்கப்படும் சிட்ரிக் அமிலம், தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கும் கிட் ஆகியவை போதும். கையேடு தொலைந்திருந்தால், கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். அது இல்லாமல் ஏழாம் பகுதியைச் செய்ய முடியாது.

கையை உள்ளே விடும் ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ஓட்டம் முடிந்த உடனே திறக்காமல் சூடு ஆறும்வரை காத்திருங்கள்.

சோதனைக்கு ஒரே வகை அழுக்கும் ஒரே புரோகிராமும் வேண்டும். இன்று சாம்பார் சட்டியை நீண்ட புரோகிராமிலும் நாளை டம்ளர்களை அரைமணி நேரப் புரோகிராமிலும் போட்டு ஒப்பிட்டால் எதுவும் விளங்காது. மூன்று முதல் ஐந்து வரையிலான பகுதிகளைச் சேர்த்தே செய்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். அவற்றில் செலவும் இல்லை, கெடுதலும் இல்லை. ஆறிலிருந்து ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டிஷ்வாஷர் உப்பு, டேப்லெட், புரோகிராம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றியவர்களுக்குப் பாத்திரம் பளிச்சென்று வந்தாலும் காரணம் தெரிவதில்லை. அடுத்த மாதம் அதே சிக்கல் வரும்போது மறுபடியும் மூன்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

2. எதையும் தொடும் முன் மிச்சமிருக்கும் அழுக்கைப் பாருங்கள்

புதியவர்கள் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். பாத்திரத்தில் என்ன மிஞ்சியிருக்கிறது, இயந்திரத்தின் எந்த அடுக்குத் தட்டில், எந்தப் பக்கத்தில் மிஞ்சியிருக்கிறது என்பதே எங்கே தேட வேண்டும் என்று சொல்லிவிடும்.

மேல் தட்டில் உள்ளவை மட்டும் அழுக்காக இருந்தால் மேல் ஸ்ப்ரே ஆர்மையோ அதற்குத் தண்ணீர் கொண்டுசெல்லும் குழாய் இணைப்பையோ பாருங்கள். ஒரு மூலையில் உள்ளவை மட்டும் அழுக்காக இருந்தால் அடுக்கியதில்தான் தவறு. எல்லாப் பாத்திரத்திலும் மணல் போல நறநறவென்று துகள் ஒட்டியிருந்தால் ஃபில்டர் சரியாகப் பூட்டப்படவில்லை. எல்லாவற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சூடு, டிடர்ஜென்ட், ஃபில்டர் மூன்றில் ஒன்று.

வெண்படலம்தான் அதிகம் குழப்புவது. பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் வெண்படலத்தில் நான்கு வகை உண்டு; நான்குக்கும் தீர்வு வேறு.

முதலில் ஈரத்துணியால் துடையுங்கள். உடனே போய்விட்டால் அது தண்ணீரில் கரையும் உப்போ கழுவப்படாமல் தங்கிய டிடர்ஜென்ட்டோ ஆகும். போகாவிட்டால் அந்த இடத்தில் சில துளி வினிகரை விட்டுச் சில நிமிடம் கழித்துத் துடையுங்கள். மறைந்துவிட்டால் அது சுண்ணாம்புப் படிவு. ஏழாம் பகுதியில் தீர்வு இருக்கிறது.

வினிகருக்கும் அசையாவிட்டால் ஒரு துளி அயோடின் மருந்தைத் தண்ணீரில் கலந்து தடவுங்கள். கருநீலமாக மாறினால் அது மாவுச்சத்து. கஞ்சி, சோறு, இட்லி மாவு ஆகியவற்றிலிருந்து வரும் மெல்லிய படலம் ஒவ்வொரு ஓட்டத்திலும் சற்றுச் சற்றாகப் படிந்து சுண்ணாம்பைப் போலவே தோற்றம் தரும். இதற்கு உப்பு போட்டுப் பயனில்லை; டிடர்ஜென்ட்டில் உள்ள மாவுச்சத்தைச் சிதைக்கும் என்சைம் வேலை செய்யவில்லை என்று பொருள். சோதித்த தட்டைக் கையால் நன்றாகக் கழுவிவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள்.

கண்ணாடிப் பாத்திரத்தில் மட்டும் இருந்து, மேற்சொன்ன மூன்றுக்கும் அசையாத மங்கல் கண்ணாடியே அரிக்கப்பட்டதன் அடையாளம். அது திரும்பாது. மிக மென்மையான தண்ணீரில் அளவுக்கு அதிகமாக டிடர்ஜென்ட் போட்டு அதிகச் சூட்டில் கழுவும்போது இது விரைவில் வரும். சிறுவாணித் தண்ணீர் வரும் கோயம்புத்தூர் வீடுகளில் இந்த மங்கலைக் கண்டு, உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று நினைத்து டிடர்ஜென்ட்டைக் கூட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் குறைக்கத்தான் வேண்டும்.

பிளாஸ்டிக் டப்பாவிலும் சிலிகான் கரண்டியிலும் தங்கும் மஞ்சள் நிறத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மஞ்சள்தூளின் நிறமி எண்ணெயோடு சேர்ந்து பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிடுகிறது; எந்த இயந்திரமும் அதை எடுக்காது. நல்ல வெயிலில் வைத்தால் வெளுக்கும்.

3. அடுக்கும் முறை

வெளிநாட்டு மாடலை ஒட்டிச் செய்த அடுக்குத் தட்டுகளில் உள்ள கம்பிகளின் இடைவெளி தட்டையான பீங்கான் தட்டுக்கு ஏற்றது. விளிம்பு உயர்ந்த நம் எவர்சில்வர் தட்டுகளை அடுத்தடுத்த இடைவெளிகளில் செருகினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுவில் தண்ணீர் புகாது. ஒரு இடைவெளி விட்டு ஒரு இடைவெளியில் வையுங்கள். எண்ணிக்கை குறையும்தான், ஆனால் இரண்டு முறை கழுவுவதைவிட அது மேல்.

குக்கர், வாணலி, சட்டி எல்லாம் கீழ்த் தட்டில் வாய் கீழ்நோக்கி, சற்றுச் சாய்வாக இருக்க வேண்டும். டம்ளர்களை மேல் தட்டில் கவிழ்க்கும்போதும் சாய்த்து வையுங்கள். அடியில் குழிவுள்ள டம்ளரை நேராகக் கவிழ்த்தால் அந்தக் குழியில் அழுக்குத் தண்ணீர் தங்கி, அப்படியே காய்ந்து வட்டமாகக் கறை தரும். இட்லித் தட்டுகளைக் கம்பியிலிருந்து பிரித்துத் தனித்தனியாக வையுங்கள். உளுந்து கலந்த மாவு காய்ந்தால் பசை போல ஒட்டிக்கொள்ளும் என்பதால் அவற்றை மட்டும் முன்கூட்டியே தண்ணீரில் ஊறவைப்பது நல்லது.

மற்றவற்றைக் கையால் கழுவிப் போட வேண்டியதில்லை. ஒட்டியிருப்பதை வழித்துக் கொட்டினால் போதும். வேலைக்கு வரும் அக்கா பாத்திரத்தைச் சோப்புக் கட்டியால் ஒருமுறை தேய்த்துவிட்டு இயந்திரத்தில் வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்தச் சோப்பு உள்ளே நுரையாகிறது. நுரை புகுந்த பம்பு தண்ணீரை வேகமாகத் தள்ளாது. ஸ்ப்ரே ஆர்ம் சுற்றுவது நின்றுவிடும். இதை அவரிடம் காரணத்தோடு சொன்னால்தான் நிற்கும். வெறுமனே ‘தேய்க்காதீங்க’ என்றால், சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்து மறுநாளும் தேய்த்துத்தான் வைப்பார்.

அடுக்கி முடித்ததும் இரண்டு ஆர்ம்களையும் கையால் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். நீண்ட கரண்டிக் காம்போ உயரமான பாத்திரமோ இடித்தால் அப்போதே தெரியும். கதவை மூடும் முன் டிடர்ஜென்ட் பெட்டியின் மூடிக்கு எதிரே பெரிய தட்டோ வாணலியோ நிற்கிறதா என்றும் பாருங்கள். மூடி திறக்காமல் போனால் டேப்லெட் முழுசாக அப்படியே இருக்கும்.

மண்சட்டி, மரக்கரண்டி, இரும்பு தோசைக்கல், வெண்கல உருளி, பித்தளை, செம்பு இவற்றை வைக்க வேண்டாம். அலுமினியக் குக்கர் கறுத்துப்போவது இயந்திரத்தின் கோளாறு அல்ல. காரத்தன்மை மிகுந்த டிடர்ஜென்ட் அலுமினியத்தை அப்படித்தான் செய்யும்.

4. ஃபில்டர்

கீழ்த் தட்டை முழுவதுமாக வெளியே எடுத்தால் தரையின் நடுவில் உருளை வடிவ ஃபில்டர் தெரியும். பெரும்பாலான மாடல்களில் அதை இடப்பக்கமாகத் திருப்பித் தூக்கினால் கையோடு வரும். அதற்கடியில் தட்டையான உலோக வலை ஒன்றும் இருக்கும். இரண்டையும் ஓடும் தண்ணீரில் பிரஷால் தேயுங்கள். கம்பிப் பிரஷ் வேண்டாம். நுண்வலை கிழிந்தால் துகள்கள் நேரே பம்புக்குப் போகும்.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் ஃபில்டரை எடுத்துப் பார்த்தால் வலையின் கண்களில் வெள்ளையாக மெழுகுப் பூச்சு இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் எவ்வளவு தேய்த்தாலும் அது பரவுமே தவிரப் போகாது. வெந்நீரில் சிறிது பாத்திரம் கழுவும் திரவத்தை விட்டு அரைமணி நேரம் ஊறவைத்துப் பிறகு தேயுங்கள். திரவத்தின் நுரை முழுவதும் போகும்வரை அலசிய பின்பே திரும்பப் பொருத்த வேண்டும்.

ஃபில்டர் இருந்த குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிறிதளவு தண்ணீர் நிற்பது இயல்பு. அடியில் கண்ணாடித் துண்டு, கறிவேப்பிலைக் காம்பு, புளிச் சக்கை, பல்லுக்குச்சி ஏதேனும் கிடந்தால் எடுத்துவிடுங்கள். கண்ணாடி இருக்கலாம் என்பதால் வெறும் விரலை விட வேண்டாம்.

திரும்பப் பொருத்தும்போது பூட்டும் அடையாளம்வரை திருப்புவது முக்கியம். அரைகுறையாக உட்கார்ந்த ஃபில்டரின் ஓரத்தில் புகும் துகள்தான் அடுத்த பகுதியில் சொல்லும் அடைப்புக்கு மூலம். இதனால்தான் ஃபில்டரை முதலிலும் ஸ்ப்ரே ஆர்மை அதற்குப் பிறகும் பார்க்கச் சொல்கிறேன். வரிசையை மாற்றிச் செய்தால் சுத்தமான ஆர்ம் சில நாட்களில் மறுபடியும் அடைத்துக்கொள்ளும்.

5. ஸ்ப்ரே ஆர்ம்

கீழ் ஆர்மைப் பெரும்பாலும் நேராக மேலே இழுத்தால் கழன்று வரும். மேல் ஆர்ம் ஒரு திருகு வளையத்தில் நிற்கும். கழற்றியதும் முதலில் காதருகே வைத்துக் குலுக்குங்கள். எல்லையோரத்து வீடு ஒன்றில் மேல் ஆர்ம் கிலுகிலுப்பை போலச் சத்தமிட்டது. குழாய்த் தண்ணீரை உள்ளே விட்டுக் கவிழ்த்தபோது கடுகும், மட்ட அரிசிக் குருணையும், தேங்காய் நார் ஒன்றும் வெளியே வந்தன. கடுகு துளைக்குள் நுழையும், ஆனால் வெளியேறாது. தாளிப்பு இருக்கும்வரை இது எல்லா வீட்டுக்கும் பொது.

ஒவ்வொரு துளையையும் பல்குத்தியால் குத்தி, அழுக்கை உள்ளே தள்ளாமல் வெளியே இழுங்கள். ஊசியோ ஆணியோ வைத்துத் துளையைப் பெரிதாக்காதீர்கள். ஆர்ம் தனியாக மோட்டார் வைத்துச் சுற்றுவதில்லை. துளைகளிலிருந்து சாய்வாகப் பீய்ச்சும் தண்ணீரின் எதிர்விசையால்தான் சுற்றுகிறது. துளையின் வடிவம் கெட்டால் சுற்றும் வேகமும் கெடும். துளையைச் சுற்றி வெள்ளையாகக் கெட்டிப்பட்டிருந்தால் ஆர்மை வெதுவெதுப்பான சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவையுங்கள்.

பொருத்திய பிறகு ஆர்ம் ஓடும்போது சுற்றுகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கதவை மூடும் முன் ஆர்ம் எந்தத் திசையில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து நிறுத்தி, கதவை மெல்லத் திறந்து பாருங்கள். இரண்டு மூன்று முறை செய்தும் அதே இடத்தில் நின்றால் அது சுற்றவில்லை.

இப்போது ஒருமுறை முழுச் சுமையோடு ஓட்டிப் பாருங்கள். என் அனுபவத்தில் பாதிக்கும் மேற்பட்ட புகார்கள் இந்த இடத்தோடு முடிந்துவிடும்.

6. தண்ணீர் தேவையான அழுத்தத்தில் வருகிறதா

இயந்திரங்கள் பொதுவாகக் கேட்கும் குறைந்தபட்ச அழுத்தம் 0.3 அல்லது 0.5 பார்; உங்கள் மாடலுக்குரிய அளவு கையேட்டில் இருக்கும். தண்ணீரின் உயரம் 10 மீட்டருக்குச் சுமார் ஒரு பார் அழுத்தம் தரும். ஒற்றை மாடி வீட்டின் மொட்டைமாடியில் நேரே தரையில் உட்கார்ந்திருக்கும் தொட்டியிலிருந்து சமையலறைக் குழாய்க்கு உள்ள உயரம் மூன்று மீட்டர்தான் என்றால் கிடைப்பது 0.3 பார். தொட்டி பாதி காலியாகும்போதும், அதே நேரத்தில் குளியலறையில் குழாய் திறக்கும்போதும் அது இன்னும் குறையும்.

இயந்திரத்துக்குப் போகும் குழாயின் இணைப்பைக் கழற்றி, அதே குழாயில் 10 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிரம்பினால் கவலையில்லை. இரண்டு மூன்று நிமிடம் எடுத்தால் முதலில் தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள சிறு வலையைப் பாருங்கள். அது ஹோஸின் முனையிலோ இயந்திரத்தின் வாயிலோ இருக்கும். போர் தண்ணீரில் வரும் மணலும் துருவும் அங்கேதான் தங்கும். வலையைச் சுத்தம் செய்தும் அழுத்தம் போதவில்லை என்றால் தொட்டியை மேடையிட்டு உயர்த்துவதோ சிறிய பிரஷர் பம்பு வைப்பதோதான் வழி.

7. தண்ணீரின் கடினத்தன்மையும் உப்பும்

வாளையாறு சுண்ணாம்புக்கல் உள்ள ஊர். அதையொட்டிக் கிழக்கே மழை குறைந்த பகுதிகளில் ஆழமாக இறக்கிய போர்களில் கால்சியமும் மெக்னீசியமும் தாராளமாக இருக்கும். ஆழியாற்றுத் தண்ணீர் வரும் தெருவில் பளிச்சென்று கழுவும் அதே மாடல், போர் தண்ணீர் மட்டுமே உள்ள தோட்டத்து வீட்டில் வெள்ளை பூசிய டம்ளரைத் தருவதற்கு இதுவே காரணம். சிமெண்ட் தொட்டியில் இரண்டையும் கலந்து தேக்கும் வீடுகளில் மாதத்துக்கு மாதம் நிலைமை மாறும்.

அளப்பதில் ஒரு தவறு எங்கும் நடக்கிறது. ஆர்ஓ சர்வீஸுக்கு வருபவரின் டிடிஎஸ் மீட்டரைக் கடினத்தன்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மீட்டர் கரைந்துள்ள எல்லா உப்புகளையும் சேர்த்துச் சொல்லும். அதில் சோடியம் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு என்று பிரிக்காது. நமக்கு வேண்டியது கால்சியமும் மெக்னீசியமும் மட்டும். துளித்துளியாக விட்டு நிறம் மாறும்வரை எண்ணும் கிட்டோ சோதனைத் தாளோ போதும். துல்லியமாக வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலும், எல்லைக்கு அப்பால் கேரள நீர் ஆணையத்தின் ஆய்வகத்திலும் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் ஏற்கத்தக்க மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. குடிக்கலாம் என்று சான்று பெற்ற தண்ணீரே டிஷ்வாஷருக்குக் கடினமானதாக இருக்கலாம் என்பது இதிலிருந்து விளங்கும்.

கிடைத்த எண்ணை இயந்திரத்தில் பதிய வேண்டும். பல கையேடுகள் ஜெர்மன் டிகிரியில் பேசுகின்றன. ஒரு ஜெர்மன் டிகிரி என்பது லிட்டருக்கு 17.8 மில்லிகிராம். உங்கள் தண்ணீர் 450 என்றால் 17.8-ஆல் வகுக்க, ஏறக்குறைய 25 டிகிரி வரும். கையேட்டின் அட்டவணையில் 25 எந்த நிலைக்குள் விழுகிறதோ அதைப் பதியுங்கள். பல மாடல்களின் உச்ச வரம்பு 50 ஜெர்மன் டிகிரி, அதாவது 890 மில்லிகிராம் அளவில் நின்றுவிடும். அதைத் தாண்டிய தண்ணீருக்கு வெளியே தனியாக, தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த எண்ணைப் பதிந்த பின்புதான் உப்புக்கு அர்த்தம் வரும். உள்ளே இருக்கும் ரெசின் மணிகள் தண்ணீரில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. பிடித்துப் பிடித்து நிரம்பியதும் உப்புக் கரைசல் அவற்றைக் கழுவிப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. எவ்வளவு நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்பதை நீங்கள் பதிந்த எண்ணை வைத்தே இயந்திரம் தீர்மானிக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த எண்ணை மாற்றாமல் விட்டால், உப்பு நிறைய இருந்தும் மணிகள் உரிய நேரத்தில் கழுவப்படாது.

“உப்பு லைட்டே எரியலீங்க, அதனால போடலீங்க” என்று பலர் சொல்கிறார்கள். கடினத்தன்மை சுழி என்று பதிந்திருந்தாலோ, எல்லாம் சேர்ந்த டேப்லெட் என்ற தேர்வு இயக்கத்தில் இருந்தாலோ சில மாடல்களில் அந்த விளக்கு எரியவே எரியாது. எல்லாம் சேர்ந்த டேப்லெட்டும் ஓரளவுக்குத்தான் தாங்கும்; 21 ஜெர்மன் டிகிரிக்கு மேல், அதாவது ஏறக்குறைய 370 மில்லிகிராமுக்கு மேல் தனியாக உப்பு போடச் சொல்லும் கையேடுகள் உண்டு.

உப்பு போடும் முறையிலும் வரிசை முக்கியம். முதன்முறை மட்டும் உப்புக் கலத்தில் தண்ணீரை நிரப்புங்கள். பிறகு புனல் வைத்து டிஷ்வாஷர் உப்பைக் கொட்டுங்கள். தண்ணீர் வழிந்து வெளியேறும், அது இயல்பு. மூடியின் ரப்பர் வளையத்தில் ஒட்டிய உப்புக் கல்லைத் துடைத்துவிட்டு இறுக்கமாக மூடுங்கள். உடனடியாக ஒரு ஓட்டம் ஓட்டுங்கள். வழிந்த உப்புத் தண்ணீர் இரவு முழுவதும் நின்றால் எவர்சில்வர் தரையிலும் துரு பிடிக்கும்.

உப்பு போட்ட மறுநாளிலிருந்தே எல்லாப் பாத்திரத்திலும், ஈரத்துணிக்குப் போகும் வெண்படலம் வந்தால் மூடி சரியாக மூடவில்லை என்று பொருள்.

சமையல் தூள் உப்பில் கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருள் கலத்தை அடைக்கும். உப்பளத்துக் கல் உப்பில் மண்ணும் மெக்னீசியமும் கால்சியமும் இருக்கும். எதை நீக்க நினைக்கிறோமோ அதையே கொட்டுவதில் பயனில்லை. உப்புக் கலத்தில் தவறியும் டிடர்ஜென்ட் தூளைக் கொட்டாதீர்கள், சாஃப்ட்னரே பாழாகிவிடும்.

சாஃப்ட்னர் டிடிஎஸ்ஸைக் குறைக்காது. அதனால் கழுவிய தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் பார்த்துவிட்டு இயந்திரம் வேலை செய்யவில்லை என்று முடிவு செய்ய வேண்டாம். டிடிஎஸ் அதிகமுள்ள போர் தண்ணீரில், கடினத்தன்மை முழுவதும் நீங்கிய பிறகும் சொட்டுக் காய்ந்த இடத்தில் துடைத்தால் போகும் புள்ளி இருக்கத்தான் செய்யும்.

8. டிடர்ஜென்ட்டும் ரின்ஸ் எய்டும்

தண்ணீரைச் சரிசெய்யும் முன் டிடர்ஜென்ட்டை மாற்றினால் பணம்தான் போகும். கடினமான தண்ணீரில் அதன் பெரும்பகுதி கால்சியத்தோடு மல்லுக்கட்டவே செலவாகிவிடுகிறது. எனவே இது எட்டாவதாக வருகிறது.

இதில் உள்ள என்சைம்களும் ஆக்சிஜன் பிளீச்சும் ஈரம் பட்டால் வலுவிழக்கும். தென்மேற்குப் பருவமழை பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் மாதங்களில், வாய் திறந்த பாக்கெட்டில் தூள் கட்டியாகிவிடும். கட்டியான தூளை உடைத்துப் போட்டுப் பயனில்லை. காற்றுப் புகாத டப்பாவில், சிங்குக்கு அடியில் அல்லாமல் உயரமான அலமாரியில் வையுங்கள். பெட்டியில் போடும்போதும் கையும் பெட்டியும் உலர்ந்திருக்க வேண்டும்.

டேப்லெட் கரைய நேரம் வேண்டும். அரைமணி நேரப் புரோகிராமுக்குத் தூளே பொருத்தம். அயோடின் சோதனையில் நீலம் தெரிந்த வீடுகள் குறுகிய புரோகிராமை விட்டு நீண்ட புரோகிராமுக்கு மாறினாலே பலன் தெரியும்; என்சைம்களுக்கு வேண்டியது கொதிநிலைச் சூடு அல்ல, மிதமான சூட்டில் போதிய நேரம்.

கையால் பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. ஏற்கெனவே ஊற்றிவிட்டிருந்தால் நுரை அடங்கும்வரை வெறும் தண்ணீரில் அலசும் புரோகிராமை ஓட்டுங்கள்.

கடைசி அலசலில் சேரும் ரின்ஸ் எய்டு என்ற திரவம் தண்ணீரைச் சொட்டாக நிற்க விடாமல் வழியச் செய்கிறது. புள்ளி புள்ளியாக இருந்தால் அளவை ஒரு நிலை கூட்டுங்கள். நீலச்சாயலோடு கோடுகள் தெரிந்தால் ஒரு நிலை குறையுங்கள்.

9. சூடு

ஓட்டம் தொடங்கி இருபது முப்பது நிமிடம் கழித்து நிறுத்தி, முகத்தை விலக்கிக்கொண்டு கதவைச் சிறிது திறங்கள். நீராவியும் வெப்பமும் தெரிய வேண்டும். குளிர்ந்திருந்தால் ஹீட்டரோ வெப்பத்தை அறியும் சென்சாரோ சந்தேகத்துக்குரியது. இது நீங்கள் கைவைக்க வேண்டிய இடமல்ல.

அதற்கு முன் வோல்டேஜைப் பாருங்கள். தோட்டத்து லைன்களில் மாலை வேளையில் மோட்டார்கள் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். 230 வோல்ட்டுக்குப் பதில் 180 கிடைத்தால் ஹீட்டரின் சக்தி ஏறக்குறைய 60 சதவீதமாகக் குறைந்துவிடும். தண்ணீர் சூடேற நெடுநேரம் ஆகும். சில இயந்திரங்கள் பொறுமையிழந்து பிழை காட்டி நிற்கும். இரவு பத்து மணிக்கு மேல் ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

தேங்காய் எண்ணெயும் நெய்யும் மிகுந்த பாத்திரத்துக்கு, மின்சாரத்தை மிச்சப்படுத்தக் குறைந்த சூட்டில் ஓடும் எக்கோ புரோகிராம் போதாது. வாரத்தில் ஒருமுறையாவது 65 அல்லது 70 டிகிரிப் புரோகிராமை ஓட்டினால் ஹோஸிலும் பம்பிலும் கொழுப்பு படியாது.

10. அழுக்குத் தண்ணீர் வெளியேறுகிறதா

ஓட்டம் முடிந்த பிறகு ஃபில்டருக்கு மேலே தண்ணீர் நின்றால் வெளியேற்றத்தில் தடை. ஹோஸ் எங்கேனும் மடிந்திருக்கிறதா, சிங்க் குழாயோடு சேரும் இடத்தில் கொழுப்பு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சிங்க் அடைத்திருந்தால் இயந்திரமும் அடைக்கும். ஹோஸைத் தரையோடு தரையாக விட்டுவிடாமல் கையேட்டில் சொன்ன உயரத்துக்குத் தூக்கிக் கட்ட வேண்டும். இல்லையென்றால் சிங்கின் அழுக்குத் தண்ணீர் திரும்ப உள்ளே வரும்.

11. சுண்ணாம்பு நீக்கும் ஓட்டம்

இதைப் பலர் முதலிலேயே செய்துவிடுகிறார்கள். சாஃப்ட்னர் எண்ணைத் திருத்தாமல் செய்தால் மறுபடியும் படியும். ஃபில்டரைக் கழுவாமல் செய்தால் அமிலம் பிசுக்கைக் கரைக்காது. எனவே முன்னுள்ள படிகள் எல்லாம் முடிந்த பிறகே செய்யுங்கள்.

பாத்திரமும் டிடர்ஜென்ட்டும் இல்லாமல், சுமார் 100 கிராம் சிட்ரிக் அமிலத்தைத் தரையில் தூவி, அதிகச் சூட்டுப் புரோகிராமை ஓட்டுங்கள். கடைகளில் விற்கும் டிஷ்வாஷர் கிளீனரும் ஆகும். வினிகரை அடிக்கடி ஊற்றினால் ரப்பர் பாகங்கள் கெடும். பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ அமிலத்தோடு சேர்க்கவே கூடாது. நச்சுள்ள குளோரின் வாயு வெளியாகும்.

கதவைச் சுற்றிய ரப்பரை ஈரத்துணியால் துடைப்பது தனி வேலை. தண்ணீர் பீய்ச்சாத கீழ் விளிம்பில் சேரும் கருமையை எந்த ஓட்டமும் எடுக்காது.

12. மெக்கானிக்கை அழைக்கும்போது

இவ்வளவுக்குப் பிறகும் ஆர்ம் சுற்றவில்லை, தண்ணீர் சூடாகவில்லை, பம்பு உறுமுகிறது, அல்லது திரையில் பிழை எண் வருகிறது என்றால் அழைத்துவிடுங்கள். ‘சரியா கழுவல’ என்று மட்டும் சொன்னால் வருபவர் ஃபில்டரைக் கழுவிவிட்டு வருகைக் கட்டணம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். பிழை எண், கடினத்தன்மை அளவு, பதிந்த நிலை, வாளி நிரம்பிய நேரம், வோல்டேஜ், எந்தப் புரோகிராமில் எத்தனையாவது நிமிடத்தில் சிக்கல் தெரிந்தது என்பவற்றைச் சொல்லுங்கள். ஓட்டத்தின்போது வந்த சத்தத்தைக் கைப்பேசியில் பதிந்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. அவர் வரும் நேரத்தில் அந்தச் சத்தம் வராமலும் போகலாம்.

எல்லைக்கு இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் வைத்திருப்பவர்கள், எந்த ஊர் சர்வீஸ் மையத்தின் எல்லைக்குள் தங்கள் பின்கோடு வருகிறது என்பதை உத்தரவாதக் காலத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொன்னால், கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஹீட்டரில் சுண்ணாம்பு ஏறியிருந்தால், புதியதைப் பொருத்தும் முன் ஏழாம் பகுதிக்குத் திரும்பிப் பதிந்த எண்ணைச் சரிபார்க்க வேண்டும்.